குதிகால் முதல் விரல் நுனி வரை: பாத, கணுக்கால் வலிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"கால் வலிக்கிறது" என்று சொன்னால் மருத்துவருக்கு அதிலிருந்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது. "குதிகாலின் அடியில், கொஞ்சம் உள்பக்கமாக, காலையில் முதல் அடி வைக்கும்போது குத்துகிறது" என்று சொன்னால், தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே நோய் ஏறக்குறையப் பிடிபட்டுவிடும். ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட தசைகளும் தசைநாண்களும் ஜவ்வுகளும் அவற்றைப் பிடித்து நிற்கின்றன. இவ்வளவு நெருக்கமான இடத்தில், வலி ஒரு விரற்கடை தள்ளி இருந்தால் நோயே வேறாகிவிடும். அதனால் எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு, குதிகாலிலிருந்து விரல்களை நோக்கிப் போவோம்.

முதல் படி: காத்திருக்கக் கூடாதவை

பாத வலிகளில் பெரும்பாலானவை அவசரமில்லாதவை. கீழே இருப்பவை அப்படியல்ல. இவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்கு இருந்தால் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் மருத்துவமனைக்குப் போங்கள்.

- அடிபட்ட பிறகு நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது பாதம் கோணலாகத் திரும்பியிருக்கிறது.
- குதிகாலுக்கு மேலே "டப்" என்று ஒரு சத்தம், யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ஓர் உணர்வு, அதன் பிறகு அந்தக் காலின் விரல் நுனியில் எம்ப முடியவில்லை.
- ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, சூடாகி, வலிக்கிறது. இது இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.
- பாதம் திடீரென வெளிறி, ஜில்லிட்டு, மரத்துப்போகிறது.
- காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து சூடாக இருக்கிறது, அல்லது தோலில் சிவப்பு மேல்நோக்கிப் பரவுகிறது.
- சர்க்கரை நோய் உள்ளவரின் பாதத்தில் புண், அல்லது வலியே இல்லாமல் சூடும் வீக்கமும்.

இரண்டாம் படி: ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்

நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் பாதத்தை மறு முழங்கால் மேல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் குதிகாலிலிருந்து தொடங்கி அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். "ஆ" என்று முகம் சுளிக்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். உள்ளங்கையால் பாதம் முழுவதையும் தடவிக் காட்டுவதற்கும் ஒற்றைப் புள்ளியைக் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அடுத்து நேரம். முதல் அடியில் வலித்து நடக்க நடக்கக் குறைகிறதா, நடக்க நடக்க ஏறுகிறதா, படுத்திருக்கும்போதும் எரிகிறதா? முதலாவது பெரும்பாலும் தசைநாண், நார்ப்பட்டைக் கோளாறு. இரண்டாவது எலும்பையோ மூட்டையோ சந்தேகிக்க வைக்கும். மூன்றாவது நரம்பாக இருக்கலாம்.

கடைசியாக, வலி தொடங்குவதற்கு முந்தைய ஒன்றிரண்டு மாதத்தில் என்ன மாறியது என்று யோசியுங்கள். புதுச் செருப்பு, நாள் முழுக்க நின்று பார்க்கும் வேலை, திடீரென்று ஆரம்பித்த ஓட்டம், கூடிய எடை. பாதம் எவ்வளவு சுமை வேண்டுமானாலும் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். சிகிச்சையில் பாதி, அந்த அவகாசத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான்.

குதிகாலின் அடியில்

காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் குதிகாலின் உள்பக்க அடியில் ஊசி ஏறியது மாதிரி ஒரு குத்தல். சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் குளியலறை வரை போவதற்குள் கொஞ்சம் தேவலை. பல் துலக்கி முடிப்பதற்குள் வலி மறந்தே போகும். மதியம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி அதே குத்தல். இது பிளாண்டர் ஃபேஷியைட்டிஸ். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை விரிந்து ஓடும் நார்ப்பட்டை, எலும்போடு ஒட்டும் இடத்தில் சிதைந்து தடித்துப்போவதால் வருவது. நாள்பட்டுப் போனால் அங்கே அழற்சியைவிடச் சிதைவுதான் அதிகம். வலி மாத்திரையை நிறுத்தியதும் வலி திரும்பி வருவதற்குக் காரணம் அதுதான்.

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பிலிருந்து ஒரு முள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நிறைய. வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. வலி முழுதாகக் குணமான பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். முதல் சந்திப்பிலேயே முள்ளை வெட்டி எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

1. சுமையைக் குறையுங்கள். இரண்டு மூன்று வாரம் ஓட்டம், குதிப்பு, நீண்ட நேரம் நிற்பது ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள், நீச்சல் தாராளமாகச் செய்யலாம். மெத்தென்ற செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கடினமான தரையில் வெறுங்கால் வேண்டாம், வீட்டுக்குள்ளும்தான்.

2. எழுவதற்கு முன் நீட்டுங்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தை மறு முழங்கால் மேல் வைத்து, கையால் விரல்களை முழங்கால் பக்கமாக மடக்கி இழுங்கள். மறு கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் நார்ப்பட்டை விறைத்து நிற்பது தட்டுப்படும். அப்படித் தட்டுப்பட்டால்தான் சரியாக இழுக்கிறீர்கள். 10 விநாடி பிடித்து, 10 முறை. ஒரு நாளில் மூன்று வேளை. அதில் முதல் வேளை, முதல் அடி வைப்பதற்கு முன்.

3. கெண்டைச்சதையை நீட்டுங்கள். சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். முழங்காலை நேராக வைத்து 30 விநாடி, சற்று மடக்கி 30 விநாடி. இறுகிய கெண்டைச்சதை குதிகாலைச் சும்மா விடாது.

4. வலுவேற்றுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான், நீடித்த பலன் தருவதும் இதுதான். படிக்கட்டின் விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, விரல்கள் மேல்நோக்கி மடங்கியிருக்கும்படி அதன் மேல் நில்லுங்கள். மூன்று விநாடி எடுத்துக் குதிகாலை உயர்த்தி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடி எடுத்து இறக்குங்கள். 12 முறை வீதம் மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒற்றைக் காலில் முடியவில்லையா, இரண்டு காலாலும் தொடங்குங்கள். எளிதாகிவிட்டால் முதுகுப் பையில் புத்தகங்களைப் போட்டுச் சுமையைக் கூட்டுங்கள்.

பயிற்சியின்போது வலி இருக்கலாமா? இருக்கலாம். பத்துக்கு நான்கு என்ற அளவுக்குள் இருந்து, மறுநாள் காலை முதல் அடி முன்பைவிட மோசமாகாமல் இருந்தால் சரி. மோசமானால் அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். இந்த விதியை இக்கட்டுரையில் வரும் எல்லாத் தசைநாண் பயிற்சிகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இது வாரக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் குணமாகும் நோய். பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலேயே சரியாகிவிடுகிறது. ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசைவே இல்லை என்றால் உள்காலணித் தட்டு, இரவில் போடும் பட்டை, அதிர்வலைச் சிகிச்சை எல்லாம் இருக்கின்றன. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகவே வலியைக் குறைக்கும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியலாம், நார்ப்பட்டையே அறுந்தும் போகலாம். அதனால் அதை முதல் வழியாக வைக்காமல் இருப்பது நல்லது.

எல்லாக் குதிகால் வலியும் இது இல்லை. குதிகாலின் நட்ட நடுவில், அடிபட்டுக் கன்றியது போல வலித்தால் கொழுப்பு மெத்தை தேய்ந்திருக்கலாம்; மெத்தென்ற குதிகால் கிண்ணம் போதும். இரு பக்கமும் சேர்த்து அமுக்கினால் உயிர் போகிறது என்றால் எலும்பில் மெல்லிய விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். 8 முதல் 14 வயதுக்குள் ஓடியாடும் பிள்ளைக்குக் குதிகாலின் பின்புறம் வலித்தால், அது வளரும் எலும்புத் தட்டின் எரிச்சல். விளையாட்டைக் கொஞ்சம் குறைத்தால் அடங்கும், வளர்ச்சி முடிந்ததும் போய்விடும். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். அது வேறு கதை.

குதிகாலின் பின்பக்கம்

கெண்டைச்சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண் உடலிலேயே தடிமனானது. வலி இரண்டு இடங்களில் வரும்: எலும்போடு ஒட்டும் இடத்துக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே, அல்லது ஒட்டும் இடத்திலேயே. இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் பயிற்சி மாறுகிறது.

மேலே வலித்தால் 1998-இல் ஸ்வீடனிலிருந்து வெளியான, இன்றும் புழக்கத்தில் உள்ள முறையைச் செய்யலாம். படிக்கட்டு விளிம்பில் இரு கால்களாலும் எம்பி, எடையை வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகாலைப் படிக்குக் கீழே வரை மெதுவாக இறக்க வேண்டும். முழங்கால் நேராக 15 வீதம் மூன்று சுற்று, மடக்கி 15 வீதம் மூன்று சுற்று, காலை மாலை இரு வேளை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180 முறை ஆகிறது. அவ்வளவு முடியாதவர்கள் குறைத்துச் செய்தாலும் பலன் உண்டு. விட்டுவிடாமல் செய்வதுதான் முக்கியம். ஒட்டும் இடத்திலேயே வலிப்பவர்கள் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, தட்டையான தரையிலேயே செய்ய வேண்டும். காலணிக்குள் குதிகாலுக்குச் சின்ன உயரம் வைத்தால் அவர்களுக்கு நன்றாகக் கேட்கும்.

சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் தசைநாணைப் பாதித்து அறுக்கவும் கூடும். வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அந்த மருந்து எடுக்கும்போது குதிகாலின் பின்னால் வலி வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அறுந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. குப்புறப் படுத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கட்டும். இன்னொருவர் கெண்டைச்சதையை அமுக்கினால், விரல் நுனியில் எம்பும்போது அசைவது போலப் பாதம் தானாக அசைய வேண்டும். அசையவில்லை என்றால் அன்றே மருத்துவமனை. அறுந்த பிறகும் தட்டுத்தடுமாறி நடக்க முடியும், விரல்களை அசைக்கவும் முடியும். அதனாலேயே வெறும் சுளுக்கு என்று நினைத்து நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். அறுவை சிகிச்சை, பாதத்தைக் கீழ்நோக்கி வைக்கும் பூட் என இரண்டு வழிகளும் நல்ல பலன் தருகின்றன. மீண்டும் அறுவது அறுவை சிகிச்சையில் கொஞ்சம் குறைவு, காயத் தொந்தரவு கொஞ்சம் அதிகம். எந்த வழியானாலும் சீக்கிரம் தொடங்க வேண்டும்.

கணுக்கால் மடங்கினால்

பெரும்பாலும் பாதம் உள்பக்கமாக மடங்கும், வெளிப்பக்க ஜவ்வு கிழியும். வீக்கத்தின் அளவை வைத்து எலும்பு முறிந்ததா என்று சொல்ல முடியாது. சாதாரணச் சுளுக்கும் பயமுறுத்தும் அளவுக்கு வீங்கி நீலம் பாரிக்கும். இதற்காகவே கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் ஒரு விதித்தொகுப்பை வகுத்தார்கள். வீட்டிலேயே பார்த்துவிடலாம். கணுவின் இரு பக்கத்துப் புடைப்பு எலும்புகளின் நுனியை அழுத்துங்கள். அங்கிருந்து பின் விளிம்பு வழியே 6 செ.மீ. மேல் வரை அழுத்துங்கள். பிறகு பாதத்தின் வெளி ஓரத்தில், பாதி தூரத்தில் துருத்தி நிற்கும் எலும்பை அழுத்துங்கள். கடைசியாக, பாதக்குழிவின் உச்சியில் உள்பக்கமாகத் தட்டுப்படும் எலும்பு. இவற்றில் எங்காவது எலும்பின் மேலேயே வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் இப்போதும் நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சின்னக் குழந்தைகளுக்கும், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும், போதையில் இருப்பவர்களுக்கும் இதை நம்ப வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாள்: பாதத்தை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி வையுங்கள், கட்டுப் போடுங்கள், துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் ஒற்றுங்கள். ஐஸ் வலியைக் குறைக்கத்தான். சீக்கிரம் ஆறச் செய்யும் என்பதற்கு உறுதியில்லை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் மாற்றி எழுதினார். இந்த நாட்களில் வெந்நீர் ஒத்தடம், மது, அழுத்தி நீவுவது மூன்றும் வேண்டாம்.

அப்புறம் அசைவு. படுத்தபடியே கால் நுனியால் காற்றில் எழுத்துகளை எழுதுங்கள். தாங்கும் அளவுக்கு ஊன்றி நடங்கள். முதலில் ஊன்றுகோலோடு இருந்தாலும் பரவாயில்லை. கிரேப் பேண்டேஜைவிட, பக்கவாட்டில் பிடித்து நிற்கும் கணுக்கால் பிரேஸ் நன்றாகத் தாங்கும்.

வலி போனதும் எல்லாம் முடிந்தது என்று நிறுத்திவிடுவதுதான் அடுத்த சுளுக்குக்கு வழி. ஜவ்வில் இருக்கும் நுண்ணிய நரம்பு முனைகள்தான் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. ஜவ்வோடு அவையும் கிழிந்திருக்கும். அவற்றுக்குப் பயிற்சி தேவை. ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு. அதுவும் கைவந்தால் தலையணை மேல், பிறகு பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபடி. முதல் நாள் கண்ணை மூடியதும் அடிபட்ட கால் எவ்வளவு ஆடுகிறது, மற்றது எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு விளக்கமே தேவைப்படாது. அந்தக் காலில் வலியில்லாமல் 10 முறை குதிக்க முடிந்த பிறகு ஓடலாம். விளையாடுபவர்கள் அடுத்த சில மாதங்களுக்கு பிரேஸோடு விளையாடுவது நல்லது.

லேசான சுளுக்கு ஒன்று முதல் மூன்று வாரம். முழுதாகக் கிழிந்தது இரண்டு மூன்று மாதம்கூட ஆகும், ஆனால் அதற்கும் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. ஆறு வாரத்துக்குப் பிறகும் வலி, வீக்கம், "கால் நழுவுகிறது" என்ற உணர்வு இருந்தால் எம்ஆர்ஐ எடுத்துக் குருத்தெலும்பையும் பக்கத்துத் தசைநாண்களையும் பார்க்க வேண்டும்.

உள்கணுவும் தட்டைப் பாதமும்

குழந்தைகளின் பாதம் தட்டையாக இருப்பதே இயல்பு. குழிவு ஐந்தாறு வயதுவாக்கில்தான் தெளிவாக உருவாகும். விரல் நுனியில் நிற்கச் சொன்னால் குழிவு தெரிகிறதா, வலி இல்லையா, கவலையை விடுங்கள். பெரியவர்களிலும் பிறந்ததிலிருந்தே தட்டைப் பாதம் உள்ளவர்கள் பலர் வலியே இல்லாமல் வாழ்கிறார்கள். கவனிக்க வேண்டியது, நடுத்தர வயதில் ஒரு பாதம் மட்டும் புதிதாகத் தட்டையாவது. உள்கணுவுக்குப் பின்னால் வலியும் வீக்கமும் இருக்கும், பின்னாலிருந்து பார்த்தால் அந்தக் காலில் வெளிப்பக்க விரல்கள் அதிகமாகத் தெரியும், ஒற்றைக் காலில் எம்ப முடியாது. குழிவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநாண் தளர்ந்துபோனதன் அடையாளம் இது. ஆரம்பத்தில் உள்காலணித் தட்டு, பிரேஸ், வலுவேற்றும் பயிற்சி போதும். விட்டுவிட்டால் மூட்டு இறுகி, அறுவை சிகிச்சையில் போய் நிற்கும்.

முன்பாதம்

மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே எரிச்சல், செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பது போன்ற உணர்வு, காலணியைக் கழற்றித் தேய்த்தால் நிம்மதி என்றால் மார்ட்டன் நியூரோமா, அதாவது விரல்களுக்கிடையே நசுங்கித் தடித்த நரம்பு. அகலமான முனையும் தாழ்ந்த குதியும் உள்ள காலணிதான் முதல் மருந்து. அடுத்து, வலிக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் வைக்கும் சிறு மெத்தை. வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே வைத்துவிட்டு "கேட்கவில்லை" என்பவர்கள் உண்டு.

பாதத்தின் மேல்புறம் ஓர் எலும்பில் ஒற்றைப் புள்ளியில் வலி, நடக்க நடக்க ஏற்றம், லேசான வீக்கம்: திடீரென்று நடையையோ ஓட்டத்தையோ கூட்டியவருக்கு இது அழுத்த முறிவு. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று ஓட்டத்தைத் தொடராதீர்கள். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்தில் கூடிவிடும். சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதியிலும் குழிவின் உச்சி எலும்பிலும் வந்தால் மட்டும் சீக்கிரம் கூடாது. அவற்றுக்கு எலும்பு மருத்துவர் கண்டிப்பாகத் தேவை.

பெருவிரல் மூட்டு

பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, மூட்டு வெளியே புடைத்து நிற்பது ஹாலக்ஸ் வால்கஸ். பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு, குறுகிய காலணி அதை மோசமாக்கும். விரல்களுக்கு நடுவே வைக்கும் பிரிப்பான்கள் உரசலைக் குறைக்கும். வளைந்த எலும்பை நேராக்காது, விளம்பரம் என்ன சொன்னாலும். வலி இல்லை என்றால் அழகுக்காக அறுவை சிகிச்சை வேண்டாம்.

நள்ளிரவில் திடீரென்று பெருவிரல் மூட்டு சிவந்து, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத வலி என்றால் கவுட். யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் தங்குவதால் வருவது. வலி இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியாகவே இருக்கலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கொல்ச்சிசின், வலி மாத்திரை, ஸ்டீராய்டு ஆகியவற்றில் எது பொருந்தும் என்பது உங்கள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் மற்ற மருந்துகளையும் பொறுத்தது. அடிக்கடி வந்தால் அலோப்யூரினால் போன்ற மருந்தால் ரத்தத்தில் யூரிக் அமிலத்தை டெசிலிட்டருக்கு 6 மி.கி.க்குக் கீழே நிரந்தரமாக வைக்க வேண்டும். ஏற்கெனவே அதை எடுத்துவருபவர்கள் வலி வந்த நாளில் தாங்களாக நிறுத்தக் கூடாது. மது, உறுப்பிறைச்சி ஆகியவற்றைக் குறைப்பது உதவும், ஆனால் பலருக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது.

தோலும் நகமும்

கால் ஆணியா, பாத மருவா என்ற குழப்பத்துக்கு ஒரு சின்னச் சோதனை: நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி, இரு பக்கமும் கிள்ளினால் வலிப்பது மரு. மருவில் குட்டிக் கறுப்புப் புள்ளிகளும் இருக்கும். ஆணி அழுத்தத்தால் வருவது. காலணியை மாற்றாமல் ஆணியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும். இரண்டுக்கும் சாலிசிலிக் அமிலம் உண்டு, சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் கூடாது.

சேற்றுப்புண் பூஞ்சையால் வருவது. டெர்பினாஃபின் களிம்பு ஒன்றிரண்டு வாரத்தில் கேட்கும். குளோட்ரிமசோல் என்றால் கூடுதல் நாள் போட வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பு இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிடும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். களிம்பின் உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். நகத்தில் பூஞ்சை என்றால் பொறுமை வேண்டும். கால் பெருவிரல் நகம் முழுதாகப் புதிதாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும்.

நகம் சதைக்குள் வளராமல் இருக்க நேராக வெட்டுங்கள், ஓரங்களை வளைத்துத் தோண்ட வேண்டாம். அடிக்கடி சீழ் வைத்தால் நகத்தின் ஓரத்தை மட்டும் எடுத்து வேரை ஃபீனாலால் அடைத்துவிடும் சின்னச் சிகிச்சை நிரந்தரமாகக் காப்பாற்றும். பித்தவெடிப்புக்கு, குளித்ததும் ஈரம் காய்வதற்குள் யூரியா கலந்த களிம்பு.

சர்க்கரை நோய் இருந்தால்

மேலே சொன்ன எல்லாமே வலியை நம்பிச் சொன்னவை. நரம்பு பாதிக்கப்பட்ட பாதத்தில் அந்த வலியே இருக்காது. செருப்பில் ஏறிய ஆணியோடு நாள் முழுக்க நடந்துவிட்டு, இரவில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

ஆகவே கண்ணும் கையும்தான் துணை. தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ வீட்டில் யாரையாவது கொண்டோ பாருங்கள், விரல் இடுக்குகளையும் சேர்த்து. காலணி போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். வெறுங்காலில் நடக்க வேண்டாம். வெந்நீரின் சூட்டைப் பாதத்தால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். ஆணியைப் பிளேடால் சீவ வேண்டாம். களிம்பைப் பாதம் முழுக்கப் போடலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் உணர்ச்சியையும், விரலால் பாத நாடியையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். புண் வந்துவிட்டால் ஆன்டிபயாடிக்கைவிட முக்கியம், அந்த இடத்தில் எடை விழாமல் செய்வது. எவ்வளவு நல்ல மருந்து போட்டாலும் அதன் மேல் நடந்துகொண்டே இருந்தால் ஆறாது.

சார்கோ பாதம் என்று ஒன்று உண்டு. பாதம் சூடாகி, சிவந்து, வீங்கும். வலி குறைவு அல்லது இல்லவே இல்லை. ஆரம்ப எக்ஸ்ரே சரியாகவே இருக்கலாம். சுளுக்கு, கவுட், தோல் தொற்று என்று எளிதாக ஏமாந்துவிடலாம். புறங்கையை இரு பாதங்களின் மேலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்; ஒன்று தெளிவாகச் சூடாக இருந்தால் அந்தக் காலை ஊன்றாமல் மருத்துவரிடம் போங்கள். அந்த நிலையில் நடக்க நடக்க உள்ளே எலும்புகள் நொறுங்கிப் பாதக்குழிவு சரிந்துவிடும். உரிய நேரத்தில் மாவுக்கட்டுப் போட்டுவிட்டால் வடிவம் காப்பாற்றப்படும்.

இரண்டு கணுக்காலும் ஒரே மாதிரி வீங்கினால் கோளாறு காலில் இல்லாமல் இதயத்திலோ சிறுநீரகத்திலோ இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரையும் இதைச் செய்யும். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைச்சதை பிடித்து இழுத்து, நின்றால் விட்டால் இரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்க வேண்டும்.

காலணி வாங்கும்போது

மாலையில் போங்கள், அப்போதுதான் பாதம் தன் முழு அளவில் இருக்கும். இரு பாதங்களையும் அளந்து பெரியதற்கு வாங்குங்கள். நின்ற நிலையில், நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு செ.மீ. இடம் வேண்டும். உள்தட்டைக் கழற்றித் தரையில் வைத்து அதன் மேல் நின்று பாருங்கள். பாதம் ஓரங்களில் வழிந்தால் அந்தக் காலணி உங்களுக்கு இல்லை. காலணி விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும், நடுவில் வளையக் கூடாது. "போடப் போடச் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொன்னால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அறுவை சிகிச்சை என்று சொன்னால்

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. அறுவை இல்லாத வழிகள் எவை, அவற்றை எவ்வளவு காலம் முயன்றோம்? எத்தனை வாரம் காலை ஊன்றக் கூடாது? வீட்டில் மாடிப்படி இருந்தால் என்ன செய்வது? புகைப்பழக்கம் எலும்பு கூடுவதையும் காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும். எவ்வளவு நாள் முன்பே நிறுத்த வேண்டும்? வலது கால் என்றால் எப்போது வண்டி ஓட்டலாம்? பெருவிரல் வளைவுக்கான அறுவையில் எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அடுத்த மாதக் கல்யாணத்துக்குப் புதுக் காலணி போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தால், தேதியை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.